இன்ஹேலரை ஏன் நிறுத்தின பாப்பா?

போன மாதம் ஒரு நைட் டூட்டி. மணி ஒன்றரை இருக்கும்.

பைக்கில் அப்பா, நடுவில் பொண்ணு, பின்னால் அவளைத் தாங்கிப் பிடித்தபடி அம்மா. அப்படியே அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் வந்து இறங்கினார்கள்.

பொண்ணுக்கு 16 வயது. ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை உள்ளே இழுக்கிறது. ஆக்சிஜன் அளவு 86.

ஆக்சிஜன் வைத்தோம். நெபுலைசர் திரும்பத் திரும்ப வைத்தோம். ஸ்டீராய்டு ஊசி போட்டோம். நாலரை மணிக்கு "அம்மா, தண்ணி வேணும்" என்று முழுசாகச் சொன்னாள். அந்த நேரத்தில் டூட்டி டாக்டருக்கு அதைவிட நல்ல சத்தம் கிடையாது.

காலையில் ரவுண்ட்ஸ் போகும்போது கேட்டேன்.

"சின்ன வயசுல இருந்து ஆஸ்துமா இருக்கு. பஃப் நல்லா கேக்குதுன்னு சீட்டுல எழுதியிருக்கு. இன்ஹேலரை ஏன் நிறுத்தின பாப்பா?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"சார், நான் 800 மீட்டர் ஓடுறேன். ஸ்டேட் மீட் வருது. இன்ஹேலர்ல ஊக்கமருந்து இருக்காம். யூரின் டெஸ்ட் எடுத்தா மாட்டிக்குவேனாம், அப்புறம் ஓடவே விடமாட்டாங்களாம். அதான் மூணு வாரமா அடிக்கல."

"யாரு சொன்னா?"

"கோச் சார்தான்... அவருக்கு வாட்ஸ்அப்ல வந்துச்சாம்."

அந்தக் கோச்சைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சம்பளம் இல்லாமல் காலை 5 மணிக்குப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வருகிற மனிதர் அவர். அவருக்குச் சரியான தகவலை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வீட்டில் விளையாடுகிற பிள்ளை இருந்தால், அல்லது நீங்களே 50 வயதில் மாரத்தான் ஓடுபவராக இருந்தால், கடைசி வரை படித்துவிடுங்கள்.

முதலில் அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில்.

அவள் அடித்துக்கொண்டிருந்தவை இரண்டு. ஒன்று மூச்சு முட்டும்போது அடிக்கிற சால்பியுடமால். இன்னொன்று தினமும் காலையும் இரவும் அடிக்கிற புடசொனைடு.

புடசொனைடு ஸ்டீராய்டுதான். ஆனால் மூச்சுவழி எடுத்தால் எந்தத் தடையும் இல்லை.

சால்பியுடமாலுக்குத் தடை இல்லை, அளவுதான் உண்டு. 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் 600 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. நம்மூர் பஃபில் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். ஆக 8 மணி நேரத்துக்கு 6 அடி வரை அடிக்கலாம். ஓடுவதற்கு முன் 2 அடி அடிக்கிற பிள்ளை எல்லைக்கு ரொம்ப உள்ளேயே இருக்கிறது.

அதாவது, அவள் பயந்து நிறுத்திய ரெண்டு மருந்துமே அனுமதிக்கப்பட்டவை.

இப்போது இதையும் கேளுங்கள். அன்று இரவு அவள் உயிரைக் காப்பாற்ற நான் கொடுத்த மருந்துகள்தான் தடைப்பட்டியலில் வருகின்றன!

நெபுலைசரில் ஊற்றுகிற ஒரு சின்னக் குப்பியில் 2.5 மில்லிகிராம் சால்பியுடமால் இருக்கிறது. மைக்ரோகிராமில் 2500. ஒரே தடவையில் வரம்பு தாண்டியாச்சு. ஸ்டீராய்டு ஊசி, அதன் பிறகு கொடுக்கிற பிரெட்னிசோலோன் மாத்திரை இரண்டுக்கும் போட்டிக் காலத்தில் தடை.

விதிக்குப் பயந்து சாதாரண மருந்தை நிறுத்தினாள். கடைசியில் விதி தடை செய்கிற மருந்துகளில் வந்து முடிந்தது. நடுவில் உயிரே போயிருக்கும்.

சரி, இந்த விதி யார் போட்டது, எப்படி வேலை செய்கிறது?

1999-ல் தொடங்கப்பட்ட உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, சுருக்கமாக வாடா. ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 முதல் புதிய தடைப்பட்டியல் அமலுக்கு வரும். இந்தியாவில் அதை நடைமுறைப்படுத்துவது நாடா. 2022-ல் இதற்கென்று தனிச் சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

சில மருந்துகளுக்கு எப்போதும் தடை. போட்டி இல்லாத நாளில் வீட்டுக்கு வந்து சிறுநீர் எடுத்தாலும் மாட்டும். சிலவற்றுக்குப் போட்டிக் காலத்தில் மட்டும் தடை. இன்னும் சிலவற்றுக்குக் குறிப்பிட்ட விளையாட்டுகளில் மட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. உங்கள் உடம்புக்குள் என்ன இருக்கிறதோ அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. தெரிந்து எடுத்தீர்களா, தெரியாமல் எடுத்தீர்களா என்பது தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ உதவும். போட்டியில் எடுத்த சாம்பிளில் மருந்து இருந்து, அதற்கு அனுமதியும் இல்லையென்றால், அந்தப் போட்டியின் முடிவு போனது போனதுதான்.

"டாக்டர்தானே எழுதிக் கொடுத்தார்" என்பது அங்கே முழுப் பதில் ஆகாது.

2000 சிட்னி ஒலிம்பிக். ருமேனியாவின் ஆண்ட்ரியா ரடுகான், 16 வயது. ஜிம்னாஸ்டிக்ஸில் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வாங்கினார். சளிக்காக அணி மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். அதில் சூடோஎஃபெட்ரின். பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மேல்முறையீடும் தள்ளுபடி. மாத்திரை கொடுத்தது டாக்டர், தங்கம் போனது அந்தப் பிள்ளைக்கு. அவ்வளவும் சளி மாத்திரையால்.

2016. நார்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை தெரேசே யோஹாக். வெயிலில் வெடித்த உதட்டுக்கு அணி மருத்துவர் இத்தாலியில் ஒரு கிரீம் வாங்கித் தந்தார். அதில் குளோஸ்டெபால் என்ற ஸ்டீராய்டு. அந்த அட்டைப்பெட்டியின் மேலேயே ஊக்கமருந்து எச்சரிக்கை அச்சடித்திருந்தது. டாக்டர் பார்க்கவில்லை, வீராங்கனையும் பார்க்கவில்லை. 18 மாதத் தடை. 2018 குளிர்கால ஒலிம்பிக் போச்சு.

இவர்கள் பக்கத்தில் முழுநேர அணி மருத்துவர் இருந்தும் இந்தக் கதி. நம்ம ஊர் கபடிப் பிள்ளைக்கு இருப்பது ஓ.பி. சீட்டும், ஒரு நோயாளிக்கு ரெண்டு நிமிடம் ஒதுக்க முடிந்த நானும்தான்.

அந்த "நான்" செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

ரெண்டு வருடம் முன்னால் ஒரு கல்லூரித் தம்பி வந்தான். வறட்டு இருமல், லேசான வீசிங். வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு இருமல் டானிக் எழுதினேன். நம்மூரில் தினமும் ஆயிரக்கணக்கில் விற்கிற வகை. சளியை இளக்கும் மருந்தோடு டெர்புடலின் என்ற மருந்தும் சேர்ந்தது.

ஒரு வாரம் கழித்துக் காலி பாட்டிலோடு வந்தான்.

"அண்ணே, சூப்பரா கேட்டுச்சு. இன்னொரு பாட்டில் எழுதிக் குடுங்க. நாலு நாள்ல யுனிவர்சிட்டி மேட்ச்சுக்கு வெளி மாநிலம் போறோம்."

"என்ன மேட்ச்?"

"கபடிண்ணே. ரைடர்."

அப்போதுதான் அந்த பாட்டிலின் லேபிளை வேறு கண்ணோடு படித்தேன். டெர்புடலின். மூச்சுவழி, வாய்வழி, ஊசி எந்த வழியாகவும் கூடாது. எப்போதும் தடை.

அன்றே நிறுத்தச் சொன்னேன். நாலு நாள் போதுமா போதாதா என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவன் போனான், விளையாடினான், வந்தான். யாரும் அவனிடம் சாம்பிள் கேட்கவில்லை.

அன்றைக்குத் தப்பித்தது அவன் இல்லை, நான்.

அவன் விளையாடுகிறவன் என்று முதல் நாள் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தப் பிரச்சினை முழுவதும் இந்த ரெண்டு வரிக்குள்தான் இருக்கிறது.

நம்ம ஓ.பி.யிலும் மெடிக்கல் ஷாப்பிலும் சாதாரணமாகப் புழங்கும் மருந்துகளில் எவையெல்லாம் பட்டியலில் வருகின்றன? முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

1. சால்பியுடமால் மாத்திரை, சிரப். பஃப் ஓகே, ஆனால் அதே மருந்தை விழுங்கினால் தடை. "பஃப் அடிச்சா பழகிடும், மாத்திரையே குடுங்க" என்று கேட்கிற பெற்றோர் கவனிக்கவும். மருத்துவப்படியும் பஃப்தான் நல்லது, விதிப்படியும் பஃப்தான் நல்லது.

2. டெர்புடலின் கலந்த இருமல் டானிக். மேலே சொன்ன கதைதான்.

3. ஸ்டீராய்டு ஊசி, மாத்திரை. "காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டாரு, மறுநாளே பறந்துடுச்சு" என்பீர்களே, அந்தக் கலவை ஊசியில் பல இடங்களில் டெக்ஸாமெத்தசோன் இருக்கும். 2022 ஜனவரி முதல், போட்டிக் காலத்தில் எந்த வகை ஸ்டீராய்டு ஊசிக்கும் தடை. குதிகால் வலிக்கு, மூட்டு வலிக்கு அந்த இடத்திலேயே போடுவதும் சேர்த்துத்தான். மருந்தைப் பொறுத்து உடம்பை விட்டுப் போக வேண்டிய கால அளவும் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலான மாத்திரைகளுக்கு 3 நாள். டெக்ஸா ஊசியைத் தசையில் போட்டால் 5 நாள். டிரையாம்சினோலோனைத் தசையில் போட்டால் 60 நாள்! தோலில் தடவும் களிம்பு, மூக்கு ஸ்பிரே, கண் சொட்டு ஆகியவற்றுக்குத் தடையில்லை.

4. டிரமடால். எலும்பு முறிவு, முதுகு வலிக்குப் பாராசிட்டமாலோடு சேர்ந்து வருகிற வலி மாத்திரை. 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. அதற்கு முன்னால் எழுதிய பழைய சீட்டை வைத்துக்கொண்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

5. பி.பி. மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து. டெல்மிசார்டான் தனியாக இருந்தால் தடையில்லை. அதே மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ சேர்ந்திருந்தால் எப்போதும் தடை. வேறு ஊக்கமருந்தின் தடயத்தைச் சிறுநீரில் நீர்த்துப்போகச் செய்யும் என்பதுதான் காரணம். அட்டையில் மருந்துப் பேருக்குப் பக்கத்தில் ஓரிரு எழுத்து கூடுதலாக இருக்கும். அந்த எழுத்துதான் வித்தியாசம். மாஸ்டர்ஸ் தடகளத்தில் ஓடுகிற அண்ணன்மார்கள் இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

6. அடினலால், புரோபிரனலால். ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் கொடுப்போம். ஓட்டக்காரருக்குப் பிரச்சினை இல்லை. துப்பாக்கி சுடுதல், வில்வித்தை மாதிரியான விளையாட்டுகளில் தடை. கை நடுக்கம் குறையும் இல்லையா, அதனால்.

7. குளோமிஃபென், லெட்ரசோல். குழந்தைப்பேறு சிகிச்சையில் தினமும் எழுதுகிற மாத்திரைகள். எப்போதும் தடை. கல்யாணத்துக்குப் பிறகும் விளையாடுகிற காவல்துறை, ரயில்வே பெண்கள் இதை யாரிடமும் வெளியில் சொல்லக் கூச்சப்படுவார்கள். உங்கள் டாக்டரிடம் மட்டும் கூச்சப்படாதீர்கள்.

8. டிரைமெட்டாசிடின். நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுப்பது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் கமிலா வலியேவா சர்ச்சை முழுவதும் இந்த மருந்தைச் சுற்றித்தான்.

9. இன்சுலின். எப்போதும் தடைப்பட்டியலில் இருக்கிறது. பயப்படாதீர்கள், கீழே சொல்கிறேன். மெட்ஃபார்மினுக்குத் தடையில்லை.

10. குளுக்கோஸ் பாட்டில். இதைத் தனியாகச் சொல்லணும்.

"நாளைக்கு மேட்ச் சார், பையன் டயர்டா இருக்கான், ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க." எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் தெரியுமா?

பாட்டிலில் இருப்பது வெறும் உப்பும் சர்க்கரையும் தண்ணீரும்தான். ஆனாலும் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றினால் அது தடை செய்யப்பட்ட முறை. உள்ளே என்ன மருந்து என்பது இங்கே கேள்வியே இல்லை, ஏற்றுவதுதான் தப்பு. மருத்துவமனையில் முறையான சிகிச்சைக்காக, அறுவை சிகிச்சைக்காக, பரிசோதனைக்காக ஏற்றினால் விதிவிலக்கு. வாந்திபேதியில் துவண்டு வந்தவனுக்கு ஏற்றலாம். தெம்புக்கு ஏற்றக்கூடாது. அந்தத் தெம்பு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டிலும் ரெண்டு வாழைப்பழத்திலும் ஒரு நல்ல தூக்கத்திலும் கிடைக்கும்.

நிம்மதியாக எடுக்கக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், செட்ரிசின், அமாக்சிசிலின், அசித்ரோமைசின், பாண்டபிரசோல், இரும்புச் சத்து மாத்திரை, தடுப்பூசிகள் இவற்றுக்கு ஊக்கமருந்துத் தடை இல்லை. தினசரி நோய்களில் பெரும்பாலானவற்றை இவற்றை வைத்தே சமாளிக்கலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

மேலே உள்ள பட்டியலைப் பார்த்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால், இந்தப் பதிவு எழுதியதே பாவம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்சுலினை நிறுத்தினால் டைப் 1 சர்க்கரை நோய்ப் பிள்ளை சில நாளில் உயிருக்குப் போராடும். பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு 21 கிலோமீட்டர் ஓடுவது தற்கொலைக்குச் சமம்.

விதி உங்களை மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து தேவை என்று நிரூபித்து அனுமதி வாங்கச் சொல்கிறது. அதற்குப் பெயர் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு.

நாலு விஷயம் பார்ப்பார்கள். முறையாகக் கண்டறிந்த நோய் இருக்கிறதா? இந்த மருந்து உங்களை இயல்பான ஆரோக்கிய நிலைக்குக் கொண்டுவருவதோடு நிற்கிறதா, அதற்கு மேல் திறனைக் கூட்டுகிறதா? தடையில்லாத வேறு மருந்து சரிப்படாதா? முன்பு அனுமதி இல்லாமல் தடை மருந்து எடுத்ததால் வந்த வினைக்குச் சிகிச்சையாக இதைக் கேட்கிறீர்களா?

இதில் தேறினால் அனுமதி உண்டு. இன்சுலின் எடுக்கிற டைப் 1 வீரர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் விளையாடுகிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும்.

திடீரென்று வந்த ஆபத்துக்கு? அந்தப் பொண்ணு மாதிரி நள்ளிரவில் வந்தால்? முதலில் சிகிச்சை, பிறகு விண்ணப்பம். அவசர நிலைக்குப் பின்தேதியிட்ட விலக்கு கேட்க விதியிலேயே இடம் இருக்கிறது. தேசிய அளவு, சர்வதேச அளவு வீரர் என்ற வரையறைக்குள் வராத சாதாரண விளையாட்டுக்காரர்களும், சோதனைக்கு ஆளான பிறகு அப்படிக் கேட்கலாம்.

ஆனால் கேட்பதற்குக் காகிதம் வேண்டும். எந்தத் தேதியில் வந்தார், ஆக்சிஜன் எவ்வளவு, என்ன மருந்து, என்ன அளவு, எந்த வழியில். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது இல்லையென்றால், பிள்ளை உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் ரேஷன் கார்டு மாதிரி டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரமாக வையுங்கள்.

"சம்பளம் வாங்குகிற வீரருக்கு இதெல்லாம் சரி டாக்டர். ஞாயிற்றுக்கிழமை ஓடுகிற எனக்கு எதுக்கு இந்த விதி?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2018-ல் ஒரு சைக்கிள் வீரர், வயது 90. தன் வயதுப் பிரிவில் சாதனை படைத்தார். சாம்பிளில் தடை செய்யப்பட்ட பொருள் வந்தது. முந்தின இரவு சாப்பிட்ட இறைச்சியிலிருந்து வந்திருக்கலாம் என்று விசாரணையில் ஏற்றுக்கொண்டார்கள். எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் அந்தச் சாதனை போய்விட்டது. 90 வயதுத் தாத்தாவைப் பிடித்து என்ன சாதித்தீர்கள் என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள்.

2021 விதிகளில் பொழுதுபோக்காக விளையாடுபவர்களுக்குத் தனி வகை கொண்டுவந்தார்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கும் தனிப் பாதுகாப்பு வந்தது. வேண்டுமென்றே செய்யாத தப்புக்கு வெறும் கண்டிப்பிலிருந்து அதிகபட்சம் 2 ஆண்டு வரை, தப்பின் அளவைப் பார்த்து முடிவு செய்யலாம். நல்ல மாற்றம்.

அப்படியானால் அமெச்சூர் போட்டிகளில் சோதனையையே எடுத்துவிடலாமா? கூடாது என்பதுதான் என் கருத்து.

ஏனென்றால் நான் இன்னொரு பக்கத்தையும் பார்க்கிறேன்.

மெஃபென்டெர்மின் என்று ஒரு ஊசி. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டபின் பி.பி. இறங்கினால், அதைத் தூக்கிவிட ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் போடுவது. அதை ஜிம்முக்குப் போகிற பையன்கள் பாட்டில் கணக்கில் வாங்கித் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். படபடப்பு, எகிறிய பி.பி., யாரோ துரத்துகிறார்கள் என்ற பிரமையோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். நாண்ட்ரோலோன் போட்டுக்கொண்ட 20 வயதுப் பையன்களும் வருகிறார்கள். இவர்களில் யாரும் ஒலிம்பிக் வீரர் இல்லை. எல்லாருமே அமெச்சூர்தான்.

2022-ல் இந்தியாவில் 3,865 மாதிரிகளைப் பரிசோதித்ததில் 125-ல் தடை மருந்து இருந்தது, அதாவது 3.2 சதவீதம். 2,000-க்கு மேல் பரிசோதனை செய்த நாடுகளில் அதுதான் மிக அதிக விகிதம்.

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா அதிகாரிகள் வந்தார்கள் என்றதும் வீரர்கள் காணாமல் போனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஓடியது ஒரே ஒருத்தர்! அது தேசியப் போட்டி கூட இல்லை, மாநில அளவுதான். அதைப் பார்த்த பிறகும் சோதனை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஊசி போட்டுக்கொண்டு ஓடுபவனுக்குப் பக்கத்துப் பாதையில், காலையில் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு நேர்மையாக ஓடுகிற பிள்ளை நிற்கிறது. விதி அந்தப் பிள்ளைக்காகத்தான்.

ஆனால் அதே விதி, அதே பிள்ளையை இன்ஹேலரைத் தூக்கிப்போட வைக்கிறது என்றால் எங்கேயோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. தடை பற்றிய பயம் மட்டும் கிராமம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. விலக்கு பற்றிய தகவல் வந்து சேரவில்லை. ஏமாற்றுகிறவனுக்கு எந்த மருந்து எத்தனை நாள் உடம்பில் நிற்கும் என்று தெரிந்திருக்கிறது. நேர்மையாக விளையாடுகிற பிள்ளைக்கும், அதன் டாக்டருக்கும்தான் ஒன்றும் தெரியவில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம்.

என் சக மருத்துவர்களுக்கு: அலர்ஜி இருக்கா, கர்ப்பமா என்று கேட்கிறோம் இல்லையா? 12 முதல் 40 வயது வரை வருகிறவர்களிடம் "போட்டிகளுக்குப் போவீங்களா?" என்று ஒரு கேள்வியைச் சேர்ப்போம். மூன்று நொடி ஆகும். ஆம் என்றால் சீட்டின் மேலேயே எழுதுவோம். மருந்தின் மூலப் பெயரைப் புரிகிற மாதிரி எழுதுவோம். எம்.பி.பி.எஸ். படிப்பில் இதை எனக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வருகிற மாணவர்களாவது படித்துவிட்டு வரட்டும்.

பி.டி. ஆசிரியர்கள், கோச்சுகளுக்கு: ஒரு மருந்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் "நிறுத்து" என்று சொல்லாதீர்கள். "டாக்டரிடம் கேள்" என்று சொல்லுங்கள்.

அரசுக்கு: மாவட்ட விளையாட்டு அலுவலகம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையும் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, விலக்கு விண்ணப்பத்தை நிரப்ப உதவ ஒரு மருத்துவரைப் பொறுப்பாக்கினால் போதும். படிவத்தைத் தமிழில் விளக்கி ஒரு பக்கத் தாள் அச்சிடலாம். இத்தாலியில் இருப்பது மாதிரி தடை மருந்துகளின் அட்டைமேல் ஒரு எச்சரிக்கைக் குறியும் வேண்டும். எழுத்து புரியாதவருக்கும் சிவப்பு வட்டம் புரியும்.

உங்களுக்கு: மருந்து வாங்குமுன் "நான் விளையாடுகிறேன்" என்று டாக்டரிடமும் மெடிக்கல் ஷாப்பிலும் வாய் திறந்து சொல்லுங்கள். போட்டி நெருங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை, ஜிம்மில் கொடுத்த பவுடர் எதையும் வாயில் போடாதீர்கள். நாடா-வின் "நோ யுவர் மெடிசின்" செயலியில் மருந்துப் பெயரைப் போட்டுத் தேடலாம். பட்டியல் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறுவதால், இந்தப் பதிவை அடுத்த வருடம் யாராவது பகிர்ந்தால் அப்படியே நம்பாமல் புதிதாகச் சரிபாருங்கள். நான் எழுதியது என்றாலும் சரி.

அந்தப் பொண்ணு என்ன ஆனாள் என்று கேட்பீர்கள்.

ஐந்து நாள் பிரெட்னிசோலோன் மாத்திரை கொடுத்து அனுப்பினேன். போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. கணக்குப் பார்த்தால் மாத்திரை முடிந்து 3 நாள் இடைவெளியும் கிடைத்துவிடும். விதி தடுக்கவில்லை. ஆனாலும் "இந்தத் தடவை வேண்டாம்மா" என்றேன். அவ்வளவு மோசமாக அடைத்துத் திறந்த மூச்சுக்குழாய்க்கு 800 மீட்டர் ஓட இன்னும் நாள் வேண்டும். அழுதாள். அவள் அப்பாவும் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அந்த அழுகைக்கு அவசியமே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்த மூன்று வாரமும் பஃப் அடித்திருந்தால் அவள் ஓடியிருப்பாள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லாவற்றையும் மருந்து, அளவு, நேரம் வாரியாக எழுதினேன். கோச்சின் நம்பரை வாங்கிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். "டாக்டர், நம்ம டீம்ல இன்னும் ரெண்டு புள்ளைங்க பஃப் அடிக்கிறாங்க. அவங்களையும் நிறுத்தச் சொல்லிட்டேன். இப்பவே போன் பண்ணிடறேன்" என்றார்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த ரெண்டு பிள்ளைகளை நினைத்துத்தான். உங்கள் ஊர் மைதானத்திலும் அப்படி ரெண்டு பிள்ளைகள் இருக்கலாம். அவர்கள் கோச்சுக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள். முதல் வதந்தி வாட்ஸ்அப்பில்தான் போனது. பதிலும் அதிலேயே போகட்டும்.